சுவருக்கு ஆடை

திருப்பூரில் புது வீடு கட்டி முடித்த பனியன் கம்பெனிக்காரச் சகோதரர் ஒருவர், உள் அலங்காரத்துக்கான எஸ்டிமேட் தாளுடன் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். பால்ஸ் சீலிங், சமையலறை அலமாரி, வரவேற்பறைச் சுவருக்குப் பலகை, திரைச்சீலை என்று 14 லட்சம். "ஹஜ்ரத், இது இஸ்ராஃபா?" என்று கேட்டார்.

அலங்காரம் ஹராமல்ல. தன் அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்று திருமறையே (7:32) கேட்கிறது. ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்ட திரையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இழுத்துக் கிழித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்று சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதை ஹராம் என்று கொள்ளாமல், விரும்பத்தகாதது என்றே விளக்குகிறார்கள். அன்னையோ அத்துணியை வெட்டி, பேரீச்ச நார் அடைத்து இரண்டு தலையணைகள் செய்துகொண்டார்கள். அதை நாயகம் குறை சொல்லவில்லை. கட்டிங் வேஸ்டைக்கூடக் காசாக்கும் நம் ஊருக்கு இந்தப் பின்பகுதி நன்றாகவே புரியும்!

ஆகவே தொகையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். கையிருப்பு 4 லட்சம், வங்கிக் கடன் 6 லட்சம். பவர் டேபிள்காரருக்கு எடுத்து வைத்திருக்கும் 4 லட்சத்தை மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்றார். வெகு சாதாரணமாகச் சொன்னார்.

கேள்வி இங்கேதான் மாறுகிறது. வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழி. அந்தப் பவர் டேபிள்காரர் சனிக்கிழமை தம் தையல்காரர்களுக்குச் சம்பளம் போட வேண்டாமா? அவர்கள் வீட்டு உலைக்குரிய காசுதான் நம் சுவரில் பலகையாக ஏறுகிறது. வட்டிக் கடனுக்கோ, பால்ஸ் சீலிங்கை நிர்ப்பந்தம் என்று காட்ட நமக்கு வழி தெரியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலைதான் நின்றது, தவணை நிற்கவில்லை.

தாளைத் திருப்பி எழுதச் சொன்னோம். முதல் வரியில் பவர் டேபிள் பாக்கி, அடுத்து இவ்வாண்டு ஸகாத், அடுத்து ஆறு மாத வீட்டுச் செலவு. மிஞ்சியதுதான் எஸ்டிமேட். அது 2 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக வந்தது. சமையலறை அலமாரியும், வயதான தாயாரின் குளியலறைக்கு வழுக்காத கல்லும் முடிந்தன.

வரவேற்பறைச் சுவர் வெள்ளையடித்தபடியே இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர் வீட்டார் இன்னும் வருந்துகிறார்களாம். அந்த வருத்தத்தை நாம் சிறிதென்று எண்ணவில்லை.