முடக்குவாதமும் வெளியே சொல்லாத கசிவும்

மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடைக்கு மணவாளக்குறிச்சியிலிருந்து நடந்தே போகலாம். முடக்குவாதக்காரப் பெண் ஒருத்தி அதற்கும் வரவில்லையென்றால், ‘முட்டு வலி’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். கூட்டத்தில் நிற்கும்போது சிறுநீர் கசிந்து சேலை நனைந்துவிடுமோ என்ற பயத்தை அவள் சொல்லியிருக்க மாட்டாள். மூட்டு மருத்துவர் கேட்பதில்லை. இவளும் அதை மூட்டோடு சேர்த்து நினைப்பதில்லை.

முன்புறம் இடுப்பெலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்புவரை தூளிபோலத் தொங்கும் தசைகள்தான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. பிரசவமும் மாதவிடாய் நிற்பதும் மீன் கடவம் சுமப்பது போன்ற கனத்த வேலையும் எந்தப் பெண்ணுக்கும் அதைத் தளர்த்தலாம். முடக்குவாதம் போல உடலின் காவல் உடலையே தாக்கும் நோய்கள் இதற்குமேல் தம் பங்கைச் சேர்க்கின்றன. ஆனால் ஒவ்வொரு நோயும் வேறு வழியில் வருகிறது.

முடக்குவாதத்தில் சில நேரம் தசையில் குறையே இருக்காது. முட்டி மடங்காது, எழுந்து நடக்க நேரமாகும், வீங்கிய விரலுக்குப் பாவாடை நாடா அவிழாது, அதற்குள் போய்விடும். இவளுக்கு மாத்திரையைவிட, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், உயரமான வெஸ்டர்ன் கழிப்பறை, சுவரில் ஒரு கைப்பிடி ஆகியவை அதிகம் உதவும். இதை மருத்துவம் என்று எண்ணாததுதான் நம் குறை.

தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா வேறு கதை. ஆசனவாயின் உள்வளையத் தசை நம் இச்சைக்குக் கட்டுப்படாதது. இந்நோயில் அது மெலிந்து நாராகிவிடலாம். மலம் கசிவது அவளுக்கே தெரியாது. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் பரப்பிய சுருக்கி விடும் பயிற்சி வெளித்தசையைப் பலப்படுத்தலாம், உள்வளையத்தை மீட்காது. இந்நோயில் சிறுகுடலில் கிருமி பெருகி வரும் வயிற்றுப்போக்கை அடக்கினாலே பாதித் தொல்லை குறையலாம்.

கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் நோயில் பிறப்புறுப்பும் வறளலாம். வலிக்குப் பயந்து தசை இறுகிக்கொள்ளும். இவளிடம் ‘இன்னும் இறுக்கு’ என்றால் வலி கூடும். தளர்த்தத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மருந்துக்கும் பங்குண்டு. அதிக அளவு ஸ்டீராய்டு நாள்பட்டால் தசை மெலியும். இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரைகளும் மலச்சிக்கல் தரும். முக்க முக்கத் தளம் தளரும். நுரையீரல் பாதித்தவரின் விடாத இருமலும் அப்படியே. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது.

மணவாளக்குறிச்சிக் கரையில் எல்லா நோய்க்கும், கதிர்வீச்சுள்ள மோனசைட் கலந்த கருமணலைக் கைகாட்டுவார்கள். ஆனால் முடக்குவாதம் மோனசைட் இல்லாத ஊர்களிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது.

இருமும்போது கசிகிறவருக்குப் பயிற்சியே முதல் சிகிச்சை: நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு எட்டுச் சுருக்கமாவது, குறைந்தது மூன்று மாதம், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரிபார்க்க. கர்ப்பப்பை இறங்கியிருந்தால் உள்ளே வைக்கும் பெஸ்ஸரி வளையம் உண்டு. கை விரல்கள் கோணியிருந்தால் வளையத்தை மருத்துவமனையில் மாற்றிக்கொள்ளலாம். எரிச்சலோடு காய்ச்சல் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. இந்நோய்களுக்கான மருந்துகளில் பல, உடலின் கிருமி எதிர்ப்பைக் குறைப்பவை. இதே வகை நோயான லூபஸ் உள்ளவருக்குத் திடீரென்று சிறுநீர் அடைபட்டு, கால் மரத்துப்போனால் அது தண்டுவடத்தின் கோளாறாக இருக்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும்.