பாரம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் யாரும் "எனக்குப் போதகராக ஆசை" என்று சொல்வதில்லை. "ஒரு பாரம் இருக்கு, ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார்கள். ஆசையைச் சுமையாக்கிச் சொல்லும் இந்த வழக்கம் எனக்கும் உண்டு. 23 வயதில், இறையியல் படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுவுக்கு முன் உட்கார்ந்து, "ஏன் தம்பி ஊழியத்துக்கு வர்றீங்க?" என்ற கேள்விக்கு இதே சொல்லைத்தான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் முந்தின ஞாயிறு உபதேசியார் ஊரில் இல்லாததால் நான்தான் பிரசங்கம். ஆராதனை முடிந்து வாசலில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயர் மாதிரியே பேசுனப்பா" என்றார். (போதகரை ஐயர் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.) அந்த வார்த்தையை வீடுவரை சுமந்துகொண்டு போனேன். அதுவும் பாரம்தான்.

குழு என்னை எடுக்கவில்லை. என்னிடம் இருந்தது எந்தப் பாரம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதா? அப்படி வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்று யோசிக்கும்போதெல்லாம் அகஸ்டினின் அழுகை நினைவுக்கு வரும்.

ஆயர் இல்லாத ஊர்ப்பக்கமே அகஸ்டின் போகமாட்டார். பிடித்து ஆயராக்கிவிடுவார்கள் என்று பயம். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துக்கு ஏற்கெனவே வலேரியஸ் ஆயராக இருந்ததால், கி.பி. 391இல் தைரியமாக அங்கே போனார். ஆலயத்திலேயே ஜனங்கள் அவரைப் பிடித்து நிறுத்தி, குருவாக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் அழுதார். அவர் வாழ்க்கையை எழுதிய பொசிதியுஸ் சொல்வது இது: ஆயர் பதவி கிடைக்கவில்லையே என்று அழுகிறார் என நினைத்துச் சிலர் அவரைத் தேற்றினார்களாம், இதுவும் அதற்குப் பக்கத்துப் படிதானே என்று! சபையை நடத்துவதில் உள்ள ஆபத்துகளை நினைத்து அழுதேன் என்பது அகஸ்டின் பின்னால் சொன்ன விளக்கம். சில ஆண்டுகளில் ஆயராகவும் ஆனார்.

தேற்றியவர்களைப் பார்த்து முன்பெல்லாம் சிரிப்பேன். திருமண்டலத் தேர்தல்கள் சிலவற்றைப் பார்த்த பிறகு சிரிப்பு வருவதில்லை. நமக்குத் தெரிந்த ஆசையைத்தானே அடுத்தவர் கண்ணீரிலும் பார்க்கிறோம். யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் கேட்டதாக மாற்கு எழுதுகிறார். மத்தேயுவில் கேட்பது அவர்களுடைய அம்மா. இரண்டிலும் மற்றப் பத்துப் பேருக்குக் கோபம் வருகிறது. அந்த இடங்கள் வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு ஏன் கோபம் வரணும்?

மறுப்பதும் தப்பிக்க வழியில்லை. சேகரக் கமிட்டிக்கு நிற்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள், மாட்டேன் என்றேன். "பதவி ஆசையே இல்லாத மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். அதையும் வீடுவரை கொண்டுபோனேன்.

அப்படியானால் சுத்த மனசுக்காரர்தான் பீடத்தில் நிற்க வேண்டுமா? தொனாத்தியரோடு வாதாடியபோது அகஸ்டின் சொன்னது, குருவின் தகுதியைப் பொறுத்ததல்ல திருமுழுக்கு என்பது. வாங்குகிறவனுக்கு அது ஆறுதல். கொடுக்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

போன மாதம் அக்கா மகன் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தான். "மாமா, எனக்கு ஒரு பாரம்..."

"ஆசை இருக்காடா?"

கொஞ்சநேரம் பேசவில்லை. "இருக்கு மாமா."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்துப் படித்தால் இரண்டாவது வரியில் பாரம் என்றுதான் இருந்தது. அடிக்கவில்லை.