ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பாவைப் பார்த்திருப்பீர்கள். பந்தியில் பாதி சாப்பிட்டு எழுந்து வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை நல்ல பையன். நல்ல சம்பளம். பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. பிறகு ஏன் இந்தக் கோபம்? பக்கத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். ‘‘எனக்கென்னப்பா குறை... எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!’’ என்பார்.

நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ‘பெருசு சும்மா பிகு பண்ணுது’ என்று நினைப்போம். ஆனால், கொஞ்சம் யோசித்தால் அவர் சொல்வது சின்ன விஷயமில்லை. சம்பந்தம் நல்லதா, கெட்டதா என்று அவர் பேசவே இல்லை. ‘இந்த வீட்டில் நான் யார்?’ என்று கேட்கிறார்.

மனிதர்களுக்கு மட்டுமல்ல, ஊர்களுக்கும் இந்தக் கோபம் வரும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் அது நிறைய ஊர்களுக்கு வந்தது. 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கப் போகிறோம், அக்கம்பக்கத்து ஊராட்சிகளை அவற்றோடு சேர்க்கப் போகிறோம் என்று அரசு அறிவித்தது. உடனே கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் மனுக்களோடு கூட்டம். ‘எங்க ஊரை நகரத்தோட சேர்க்காதீங்க!’

என்ன ஆச்சரியம் பாருங்கள். ஒரு காலத்தில் ‘எங்க ஊருக்கு ரோடு போடுங்க, லைட்டு போடுங்க, டவுன் மாதிரி ஆக்குங்க’ என்று மனு கொடுத்தவர்கள்தான் நாம். இப்போது டவுனே வீடு தேடி வருகிறது. வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி நினைவிடம் உள்ள ஊர் என்று தெரிந்திருந்த இடம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு வேறு ஊராகிவிட்டது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் இப்போது நகராட்சி. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கினார்கள். அந்தக் கோட்டுக்குள் இந்தப் பகுதியும் வந்துவிட்டது. ஆனால், தொழிற்சாலை மதில் சுவர்களுக்கு நடுவே இருக்கும் பல ஊர்கள் இன்னமும் ஊராட்சிகள்தான். வயல், ஏரி, மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே ரோபோ வெல்டிங் செய்யும் ஃபாக்டரி!

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘நாளைக்கு உங்க ஊரையும் சேர்த்துட்டா என்னங்கய்யா?’ என்றேன். வெடித்துவிட்டார்.

‘‘ஃபாக்டரிக்கு நெலம் எடுத்தப்போ எங்களாண்ட கேக்கல சார். ரோடு அகலம் பண்ணப்போ கேக்கல. இப்ப ஊரையே எடுத்துக்குவாங்க, அதுக்கும் கேக்க மாட்டாங்க. நாங்க இன்னா சார், இங்க வாடகைக்கா குடியிருக்கோம்?’’

அவர் கோபத்துக்குக் கணக்கும் இருக்கிறது. ஊர் நகரமானால் வீட்டு வரி ஏறும், தண்ணீர் வரி ஏறும். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 125 நாள் என்று ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது, அதுவும் கிராமத்துக்குத்தான். ராத்திரி கிராமவாசியாகப் படுத்து, காலையில் நகரவாசியாக எழுந்திருக்கும் ஒரு பாட்டிக்கு, மண்வெட்டி தூக்கும் அந்த உரிமை அரசிதழின் ஒரு பக்கத்தில் போய்விடுகிறது. அவள் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்று, கிராம சபை. அரசியல் சாசனத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓட்டர் லிஸ்ட்டில் பேர் இருக்கிற எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். நேரில் வந்து ‘இந்த வரவு செலவு என்ன?’ என்று தலைவரைக் கேட்கலாம். நகரத்தில் உங்களுக்குப் பதில் கவுன்சிலர் பேசுவார். சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல். 2022-லிருந்து நகரங்களிலும் ‘பகுதி சபை’ என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று உங்களுக்குத் தெரியுமா?

‘கிராம சபை தீர்மானம் போட்டு என்ன கிழித்தது?’ என்று கேட்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பரந்தூர். 2022-ல் அங்கே விமான நிலையம் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டது. திட்டம் நின்றுவிடவில்லை. ஆனால், அந்த ஊர் வேண்டாம் என்று சொன்னது இன்று எல்லோருக்கும் தெரியும். சொல்வதற்கு ஒரு சபை இருந்ததால்தான் தெரிந்தது. சபையே இல்லாத ஊர் எங்கே போய்ச் சொல்லும்?

சரி, மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஓர் அதிகாரி என்ன சொல்வார்?

‘‘ஐயா, ஊர் ஏற்கெனவே நகரமாகிவிட்டது. நாங்கள் பெயரைத்தான் மாற்றுகிறோம். கிரவுண்டு விலை ஏறியபோது நகரம் வேண்டும், வரி கட்டும்போது கிராமம் வேண்டும் என்றால் எப்படி? அத்தனை லைன் வீடுகளின் கழிவுநீருக்கு ஒரு சின்ன ஊராட்சியால் பாதாளச் சாக்கடை போட முடியுமா? ஒவ்வொரு ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது.’’

இதில் நிறைய நியாயம் இருக்கிறது. கழிவுநீருக்கு ஊராட்சி எல்லை தெரியாது. ஃபாக்டரி தரும் கட்டட வரியைத் தன் ஊருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரைப் பார்க்க மாட்டேன் என்பதும் தர்மமில்லை. அமெரிக்காவில் பல நகரங்களைச் சுற்றி வசதியான வெள்ளையர் குடியிருப்புகள் நகரத்தோடு சேராமல் தனி நகராட்சியாகவே இருந்துகொண்டதற்கு, ஏழைகளோடும் கறுப்பர்களோடும் வரியையும் பள்ளிக்கூடத்தையும் பகிர மனசில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். ‘எங்க ஊரை விட்டுடுங்க’ என்ற குரல் எல்லா நேரமும் நியாயக் குரல் இல்லை.

நம் ஊரிலும் அப்படித்தான். இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பெருமைப்படுகிறோம். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதில் குடத்துக்குள் யாருடைய பெயர் போகும் என்றும் எழுதியிருக்கிறதே! சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயலில் இறங்கி உழுதவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைக் கொண்டாடியவர்களைக் கடுமையாகச் சாடியதும் இதனால்தான். 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தலித்தாகப் பிறந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காகவே கொல்லப்பட்டார். இத்தனையையும் மறந்துவிட்டு ‘கிராமம் என்றால் ஜனநாயகம்’ என்று பாட்டுப் பாட முடியாது.

ஆனால், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலேயே வேறு கதையும் நடந்திருக்கிறது. திருமழிசையை ஒட்டிய குத்தம்பாக்கத்தில் 1996-லிருந்து 2006 வரை தலைவராக இருந்த இளங்கோ, கிராம சபையில் பேசிப் பேசியே காரியங்கள் செய்தார். அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், அடுத்த பாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். ஊராட்சி என்கிற சின்னப் பாத்திரத்தில் விஷமும் வைக்கலாம், மருந்தும் வைக்கலாம்.

ஆக, கிராமம் நல்லதா நகரம் நல்லதா என்று பட்டிமன்றம் வைத்தால் விடியவே விடியாது. அந்தப் பெரியப்பா அப்படிக் கேட்கவும் இல்லை. தன்னைப் பற்றிய முடிவைத் தன்னைக் கேட்காமல் எடுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 243-கியூ பிரிவு, எது நகரம் என்று முடிவு செய்ய ஒரு பட்டியல் தருகிறது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளூர் வருமானம், விவசாயம் தவிர்த்த வேலைகளில் எத்தனை சதவீதம் பேர், பொருளாதார முக்கியத்துவம். எல்லாம் இருக்கிறது, அங்கே இருப்பவர்களின் சம்மதம் இல்லை. நிலம் விஷயத்திலாவது ஒரு முன்னேற்றம் வந்தது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்றது 2013-ஆம் வருஷத்து மத்திய சட்டம். தமிழ்நாடோ தன்னுடைய 1997-ஆம் வருஷத்துத் தொழில் நில எடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வைத்துக்கொண்டது. கேட்பது என்றாலே நமக்கு அவ்வளவு சங்கடம்!

கேட்டால் எதுவும் நடக்காதா? டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். பக்கத்துக் குடியிருப்புகளை அவர்கள் சம்மதம் இல்லாமலேயே நகரங்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் அங்கே இருந்தது. 1996-ல் ஹூஸ்டன் நகரம் கிங்வுட் என்ற குடியிருப்பைச் சேர்த்துக்கொண்டபோது பெரிய எதிர்ப்பு. கடைசியில் 2017-ல் பெரிய மாவட்டங்களுக்கும், 2019-ல் மாநிலம் முழுமைக்கும் சட்டத்தை மாற்றினார்கள். பெரும்பாலும் அங்கு இருப்பவர்கள் சம்மதித்தால்தான் இணைப்பு. அதனால் டெக்சாஸில் நகரங்கள் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இங்கேயும் ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்தான். ஆனால், அது பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு, ‘பெரியப்பா, உங்களுக்குச் சம்மதம்தானே?’ என்று கேட்பது மாதிரி. அது கேட்பது ஆகாது, தகவல் சொல்வது.

கேட்பதால் ஒரு லாபமும் உண்டு. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் ஒன்றுசேர்ந்து அடையாறாக ஓடுகிறது. எந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்பது அந்த டீக்கடைப் பெரியவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். 2015 டிசம்பரில் கீழே வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியபோது, தண்ணீரின் வழியை மறந்துவிட்டு மனை போட்டதன் விலையைப் பார்த்தோம். வரைபடத்தில் கோடு போடுகிறவருக்குத் தெரியாத ஒன்று, கோட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியும்.

இதெல்லாம் பெரியவர் பக்க நியாயம். ஆனால், அவர் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘நாங்க இன்னா வாடகைக்கா குடியிருக்கோம்?’

வாடகைக்குக் குடியிருந்தால் கேட்க வேண்டாமா?

அந்த ஊரின் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஷிஃப்ட் மாற்றித் தூங்குகிறார்கள். விடுதிகளில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள். ஊரின் அண்ணாச்சி கடையும் பெரியவரின் வாடகை வருமானமும் இவர்களால்தான் ஓடுகின்றன. இவர்கள் பெயர் இங்கே ஓட்டர் லிஸ்ட்டில் இல்லை. அதனால் கிராம சபையிலும் இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே சபை அந்த ரோடுதான்.

‘என்னை ஒரு வார்த்தை கேள்’ என்கிற உரிமை பட்டா வைத்திருப்பதால் வருவதில்லை. ஒரு முடிவின் பலனை உடம்பால் அனுபவிக்கப் போகிறவன் என்பதால் வருகிறது. அப்படிப் பார்த்தால் பாட்டிக்கு எவ்வளவு உரிமையோ, குழாயடியில் குடத்தோடு நிற்கும் ஒடிசா பையனுக்கும் அவ்வளவு உரிமை. குப்பை எங்கே போகும், தண்ணீர் எப்போது வரும் என்பது அவனுக்கும் வாழ்க்கைப் பிரச்னை. அரசாங்கத்தைப் பார்த்து ‘எங்களைக் கேட்டாயா?’ என்கிற ஊர், தன் தெருவில் இருப்பவர்களையும் சேரியில் இருப்பவர்களையும் கேட்காமல் இருந்தால், அந்தக் கேள்வியின் பலம் பாதியாகிவிடும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது கஷ்டமான காரியமில்லை. அரசிதழுக்கு முன்னால் கிராம சபைக்கு வர வேண்டும். வரி எவ்வளவு ஏறும், வேலை போகும் பாட்டிக்கு என்ன வழி, ஏரி யார் பொறுப்பு, சாக்கடை எந்த வருஷம் வரும் என்று கணக்கைக் கையில் கொடுக்க வேண்டும். ஊர் ‘வேண்டாம்’ என்றால், ஏன் அதை மீறுகிறோம் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த கிராம சபைக்குத் தண்டோரா போடும்போது லைன் வீட்டுக் கதவுகளையும் தட்டுங்கள். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, பாய் விரித்து உட்கார வையுங்கள். தமிழ் வராது என்றால் இந்தி தெரிந்த பையன் யாராவது ஊரில் இருப்பான். ‘உனக்கு இங்கே என்ன குறைப்பா?’ என்று முதலில் அவனைக் கேளுங்கள். அதற்கு அப்புறம் அத்தனை பேருமாகச் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போங்கள்.