சட்டப்படியான கட்டளை

ஆம்பூரில் விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமங்களுக்குள் வந்துவிடும். ஒரு கையில் டிபன் பை, மறு கையில் பாதி பின்னிய சடையோடு பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள். எங்கள் தெருவிலிருந்து இருபது வருஷமாக அந்த பஸ்ஸில் போகிற ஓர் அம்மாவின் மகளுக்கு, சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். ஐந்து நாள் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல் எல்லாவற்றையும் தாண்டி வந்த கடிதம். சேர இன்னும் ஏழு வாரம் இருந்தது.

"லைன்ல உக்காந்து அப்பர் தைக்கிறப்ப எவனெவனோ சொன்னதெல்லாம் கேட்டாச்சு. எம் பொண்ணு சொல்லட்டும், நாலு பேர் கேக்கட்டும்" என்றார் அந்த அம்மா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம் உறுத்தியது. நம்மை அதிகாரம் செய்த நாற்காலியில் நம் வீட்டுப் பெண் உட்காருவதுதான் விடுதலையா?

அந்த ஏழு வாரத்தில் அவள் உடம்பைத் தயார் செய்தாள். 2.4 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும். இருட்டோடு எழுந்து பள்ளி மைதானத்தில் ஓடினாள். முதல் வாரம் டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள், சிலர் விசிலடித்தார்கள். மூன்றாம் வாரம் யாரும் திரும்பவில்லை. பெண் உடம்பு தெருவில் எதற்காக அசைகிறது என்று யாருக்கும் விளக்கம் சொல்லாமல் ஓடுவது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி முடியும்வரை கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை அவள் கேடயமாகப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணாம்னா அடம் பிடிக்கிறான்னு சொல்வாங்க. கவர்மென்ட்டு வேணாம்னா கம்முனு இருக்காங்க, அக்கா" என்று சிரித்தாள்.

இந்தக் கதவு தானாகத் திறந்ததில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால் ஒழியப் பெண்களைப் படையில் சேர்க்க முடியாது என்கிறது. மருத்துவத்துக்கும் செவிலியர் பணிக்கும் வெளியே பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது 1992இல்தான். அவர்களுக்கும் குறுகிய காலப் பணி மட்டுமே. நிரந்தரப் பணிக்காகப் பல வருஷம் நீதிமன்றம் ஏறினார்கள். ஆண் சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமப்புறத்தவர்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வாதிட்டது. ஆணின் மனக்கோணலுக்குப் பெண் அபராதம் கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். 2020 பிப்ரவரி 17இல் பபிதா பூனியா வழக்கின் தீர்ப்பு அதை நிராகரித்தது. 2021 மார்ச்சில் வந்த நிதிஷா வழக்கின் தீர்ப்பு, ஆண்கள் இளவயதில் காட்டிய உடல்தகுதியை நடுவயதுப் பெண்களிடம் கேட்பது மறைமுகப் பாகுபாடு என்றது. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது.

இதையெல்லாம் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அக்கா, தப்பா ஒரு ஆர்டர் வந்தா என்ன பண்றது?" என்றாள். என்னிடம் உடனே பதில் இல்லை.

பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பரில் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது இறந்து, பரம்வீர் சக்ரா பெற்றவர். அவருடைய துணிச்சலில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம் அதே அமைதிப்படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இறந்தார்கள். எங்கள் தெருப் பெண் அந்த மைதானத்தில் கால் தூக்கி நடக்கும்போது இந்த இரண்டு நினைவுகளின் மேலும்தான் நடப்பாள்.

இம்பாலில் 2004 ஜூலை 15 அன்று, காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு பெண்கள் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். தங்ஜம் மனோரமாவை அசாம் ரைபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். பிறகு கிடைத்தது அவருடைய உடல். அந்தப் படைக்குத் தலைமை தாங்குபவர்கள் ராணுவ அதிகாரிகள். கோட்டைக்குள் அன்று ஒரு பெண் அதிகாரி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? பெண் என்பதாலேயே எதுவும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். சீருடை போட்டதும் தாய்மை பொங்கும் என்பது நம்மைப் பற்றி ஆண்கள் கட்டிய கதைகளில் ஒன்று.

அப்படியானால் போகாதே என்று சொல்லிவிடலாமா? சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் யோசித்தேன். எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவள் வீட்டில் இருப்பது தையல் மெஷினில் வளைந்த ஒரு முதுகு. 1943இல் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானபோது, மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். நாட்டுப் பற்றோடு, துரையின் முன்னால் குனியாமல் நிற்கும் ஆசையும் அவர்களுக்கு இருந்திருக்கும். அந்த ஆசையை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசை நியாயமானது என்பதால் அவள் கேட்ட கேள்வி தீர்ந்துவிடாது. வறுமை ஒருத்தியை அந்த வாசல்வரை கொண்டுபோகலாம். உள்ளே அவள் செய்வதற்கு வறுமை பதில் சொல்லாது.

பதிலைத் தேடி நான் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் வேலூர்க் கோட்டை. சிப்பாய்கள் நெற்றியில் சாதிச் சின்னம் இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோலால் செய்த சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று கும்பினி ராணுவம் உத்தரவு போட்டது. முறையிட்டவர்களுக்குச் சாட்டையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு அந்த உத்தரவு கைவிடப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்தது.

பள்ளியில் இதை வீரக் கதையாகப் படித்தோம். தோல் ஊரில் வாழ்கிறவளுக்கு இதில் இன்னொரு முள்ளும் தைக்கிறது. தோல் தலையில் படுவது சிலருக்குத் தீட்டாகவும் இருந்தது. அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்திய கைகள் யாருடையவை? மறுப்பவர் எல்லா விதத்திலும் சுத்தமானவர் என்று இல்லை. மறுப்புக்குள்ளும் சாதி ஒளிந்திருக்கலாம். ஆகவே "மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. யாருக்காக, எதைக் காப்பாற்ற அதைச் சொல்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். கட்டளையிடுகிறவருக்கும் கோட்டை ஒரு பாடம் வைத்திருக்கிறது: முறையிட வந்தவனைக் கேட்டிருந்தால் அந்த விடியல் வேறுமாதிரி இருந்திருக்கலாம்.

ராணுவச் சட்டத்தின் 41ஆவது பிரிவைத் தேடிப் படித்தேன். மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது குற்றம் என்கிற பிரிவு அது. ஆனால் அங்கே வெறும் கட்டளை என்று எழுதவில்லை, சட்டப்படியான கட்டளை என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு கதவு இருக்கிறது. மிகக் குறுகலான கதவு. அதன் வழியாகப் போகிறவர் தனியாகப் போக வேண்டியிருக்கும், விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஓட்டத்துக்கும் தண்டாலுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கான பயிற்சியை அவளேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா வாய் திறந்தார். பல வருஷத்துக்கு முன்னால் அவரை லைனுக்குப் பொறுப்பாக வைத்தார்களாம். சம்பளம் கூட. ஒரு நோட்டுக் கொடுத்து, யார் யார் எத்தனை தடவை பாத்ரூம் போகிறார்கள் என்று எழுதச் சொன்னார்களாம். "ரெண்டு நாள் எழுதினேன். மூணாவது நாள் மாசமா இருந்த பொண்ணு ஒண்ணு என்னைப் பாத்துட்டே எழுந்திரிக்காம உக்காந்திருந்துச்சு. நோட்டைக் குடுத்துட்டு மெஷினுக்கே போயிட்டேன்."

மகளுக்கு அந்தக் கதை அன்றுவரை தெரியாது. "ஏம்மா சொல்லவே இல்ல?" என்றாள். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று அம்மா பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினார்.

என் உறுத்தல் முழுதாகத் தீரவில்லை. படைகளே தேவைப்படாத உலகத்தைத்தான் இன்னும் விரும்புகிறேன். ஆனால் அது வரும்வரை கட்டளையிடும் இடங்கள் இருக்கத்தான் போகின்றன. அங்கே அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தவரின் மகள் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெண் என்பதால் வருகிற வித்தியாசம் என்று இதை நான் சொல்லவில்லை. நோட்டு கைக்கு வரும் நாளில் அவள் அம்மாவை நினைத்துக்கொள்ள வேண்டும். நினைத்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்கத் துணிவு வேண்டும். இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

அக்டோபரில் ஒரு காலை அவள் ரயிலேறினாள். புது பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம். இருபது வருஷம் ஷூ தைத்த அம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சின்னத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்து, "உள்பக்கம் மடிப்புல தடவு, தோல் இளகும்" என்றார். வண்டி நகர்ந்ததும் அவர் எங்களுக்காக நிற்கவில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.