வீதி யாருக்கு உரியது?

வீடு பெண்ணுக்கு, வீதி ஆணுக்கு என்பது எழுதப்படாத சட்டமாக நெடுங்காலம் நிலவி வந்தது. பெண் வீதிக்கு வரக் காரணம் வேண்டும். கோயில், கடை, பள்ளி, பணியிடம் என ஏதேனும் ஒன்றைச் சொன்னால் உலகம் வழிவிடும்; காரணமின்றி நின்றால் கேள்வி கேட்கும். ஆடவனை அக்கேள்வி தொடுவதில்லை.

ஆகவேதான், பெண்கள் அணிதிரண்டு நகரச் சாலையில் ஓடும்போது அது உடற்பயிற்சி என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. 1967-ஆம் ஆண்டு பாஸ்டன் நெடுந்தொலைவோட்டத்தில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடியபோது, போட்டி அலுவலர் ஒருவரே அவரைப் பிடித்து வெளியேற்ற முயன்றார். 1896-இல் தொடங்கிய நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நெடுந்தொலைவோட்டம் இடம்பெற 88 ஆண்டுகள் ஆயின. 1977-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தொடர் கொலைகளின் காரணமாக, இரவில் வெளியே செல்ல வேண்டாமெனப் பெண்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. குற்றம் ஒருவனுடையதாக, அடைபட வேண்டியவர் பெண்களா என வினவி அவர்கள் இரவிலேயே அணிவகுத்தனர்.

சிங்கப்பூரில் இவ்வினாவுக்கு இடமில்லை என்பாரும் உளர். மாதர் சாசனம் 1961-லேயே நிறைவேறியது. பின்னிரவிலும் பெண் தனியே பேருந்தேறி வீடு திரும்புகிறாள். பெண்களுக்கென்றே நடத்தப்படும் பெரும் ஓட்டம் 2006-இல் தொடங்கியது. இவை பெருமைக்குரியனவே. எனினும் பாதுகாப்பு வேறு, உரிமை வேறு. ஞாயிறு மாலையில் தேக்கா பக்கம் போகாதே, கூட்டம் மிகுதி என்று மகளைத் தடுக்கும் தாயின் சொல்லில் அவ்வேறுபாடு புலப்படும்.

அக்கூட்டம் யார்? வாரமெல்லாம் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்த வெளிநாட்டு ஊழியர். விடுதியில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் அவர்களுக்குச் சிராங்கூன் சாலையோரப் புல்வெளியே வரவேற்பறை. 2013 டிசம்பர் 8-ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின் அந்த ஞாயிறும் கண்காணிப்புக்கு உள்ளாயிற்று. வீதியைப் பெண்கள் மீட்க வேண்டுமெனில் யாரிடமிருந்து மீட்பது? இவ்வெளியவரை விரட்டித்தானா? ஒரு சாராரின் அச்சத்தைப் போக்க மற்றொரு சாராரின் இருப்பிடத்தைப் பறிப்பது நீதியாகாது. மும்பையை ஆராய்ந்து 2011-இல் நூல் எழுதிய ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும், பெண்ணின் உரிமையும் ஏழை ஆடவனின் உரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்றே வாதிட்டனர்.

மறக்கப்படும் பெண்களும் உளர். இல்லப் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வுநாள் 2013-இல்தான் சட்டமாயிற்று. அதற்கும் ஈடாக ஊதியம் கொடுத்துவிடலாம் என்றிருந்தது. மாதம் ஒரு நாளையேனும் அவ்வாறு ஈடுசெய்யக் கூடாதென்ற விதி 2023-இல்தான் வந்தது. வாயிற்படியே தாண்ட இயலாதவளுக்கு ஓட்டத்தின் வெற்றி என்ன பயன் தரும்?

சேர்ந்து ஓடுவது தேவை. அச்சம் ஆண்டாண்டாக ஊறியது, தனியொருத்தியால் அதனை அகற்ற முடியாது. ஆயினும் கூட்டத்தின் துணையோடு மட்டுமே செல்லக்கூடிய வீதி இன்னும் அவளுடையதாகவில்லை. ஞாயிறு மாலையில், ஊழியர் கூடியிருக்கும் அதே புல்வெளியில், ஒரு பெண் தனியே அமர்ந்து, காரணம் கேட்கப்படாமல் எழுந்து செல்லும் நாளே ஓட்டம் இலக்கை அடைந்த நாள்.