23 நிமிடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு டோக்கன் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மூன்று பரிசோதனை அறைகள், காலை 9 மணிக்கே நிரம்பிவிடும் காத்திருப்புக் கூடம். நிர்வாகம் கேட்டது ஒன்றுதான். எந்த அறையும் சும்மா இருக்கக் கூடாது. ஒருவர் வெளியே வந்ததும் அடுத்த எண் திரையில் வந்துவிட வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அறை காலியாகக் கிடந்த 6 நிமிடத்தை 1 நிமிடமாகக் குறைத்தேன். பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒரு வாரம் கழித்து ஏதோ கோளாறு என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். அறைகளைத் துடைக்கும் அக்கா என்னிடம் வந்து கேட்டார். “தம்பி, நீங்கதான் இந்த நம்பர் மெஷின் போட்டதா? முன்னெல்லாம் இருமுறவங்க போனதும் கதவத் திறந்து வச்சிட்டு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உள்ள போவேன். இப்ப அவங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள என்னைய உள்ள போகச் சொல்றாங்க. அந்தக் காத்து போக வேணாமா?”

நான் பொறியியல் படித்தவன். அந்தக் கேள்வி எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காசநோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். புதிய காற்று வந்துதான் அவற்றை வெளியே தள்ள வேண்டும். தொற்றுநோயாளிகளுக்கான தனி அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. அப்படி மாறினால்கூட, துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடங்கள் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடங்கள். 2 முறைதான் என்றால் 138 நிமிடங்கள். நான் பார்த்த அறைகளில் சன்னல்களைச் சாத்திவிட்டு ஏசி போட்டிருந்தார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றவிட்டுக் குளிர வைக்கும். அப்படிப்பட்ட அறையில் அக்காவுக்கு நான் கொடுத்தது 1 நிமிடம்.

காற்றில் நோய் பரவும் என்பது ஒன்றும் புதிய செய்தி இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிகள் இருந்த கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோயாளிகளை நெருங்கவே நெருங்காத அந்த விலங்குகளுக்குக் காசநோய் வந்தது. புற ஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன. யாரும் யாரையும் தொடவில்லை. ஒரே காற்று, அது போதுமாக இருந்தது.

பரிசோதனை அறை என்றதும் நம் மனதில் வருவது இரண்டே பேர், மருத்துவரும் நோயாளியும். 2020 மார்ச்சில் சோல் நகரின் யாங்ஜி மருத்துவமனையில் தொலைபேசிக் கூண்டு போன்ற கண்ணாடிப் பெட்டிகளை வைத்தார்கள். நோயாளி உள்ளே போவார். மருத்துவப் பணியாளர் வெளியே நின்று, கண்ணாடியில் பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு மாதிரி எடுப்பார். அடுத்த மாதம் கேரளத்தின் எர்ணாகுளத்தில் வந்த பெட்டியில் பணியாளர் உள்ளே, நோயாளி வெளியே. கண்ணாடியும் கையுறையும் ஒன்றுதான், பெட்டிக்குள் யார் என்பதுதான் மாறியது. ஆனால் அந்த ஒரு மாற்றம் வேலையை வேறு மாதிரிப் பங்கு போட்டுவிடுகிறது. நோயாளி உள்ளே என்றால், ஒவ்வொருவர் போன பிறகும் அந்த மூச்சு நின்ற பெட்டிக்குள் ஒருவர் நுழைந்து துடைக்க வேண்டும். பணியாளர் உள்ளே என்றால் நோயாளியின் மூச்சு திறந்தவெளியில் கலைந்துபோகும். இரண்டுமே மாதிரி எடுப்பவரைக் காப்பாற்றும். துடைப்பவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும்.

மருத்துவர் ஆபத்து தெரிந்தே இந்தத் தொழிலுக்கு வருகிறார். படிப்பு, சம்பளம், சமூக மரியாதை என்று அதற்கு ஏதோ ஒரு ஈடு இருக்கிறது. துடைக்க வருபவர் துடைக்க மட்டும்தான் வந்தார். அவருடைய ஆபத்து அவர் ஏற்றுக்கொண்டது இல்லை, தலையில் கட்டப்பட்டது. கட்டியவர்களில் நானும் ஒருவன்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது லேசானதும் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 23 நிமிடம் அறையைப் பூட்டி வைத்தால், மணிக்கு ஐந்து பேரைப் பார்க்கும் அறையில் இரண்டு பேரைக்கூடப் பார்க்க முடியாது. முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் எங்கே? காற்றோட்டம் இல்லாத கூடத்தில், ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு. அக்காவைக் காப்பாற்றப் போய் அவர்களை நோயில் தள்ளலாமா?

பல நாள் இதைப் பெரிய அறச்சிக்கலாக நினைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பெரு நாட்டின் லீமாவில் 8 மருத்துவமனைகளில் செய்து 2007-ல் வெளியான ஆய்வைப் படித்தேன். சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்குச் சராசரியாக 28 முறை காற்று மாறியது. 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட கட்டடங்களில் 40 முறை. அதே கணக்கை இங்கே போட்டால் 28க்கு 10 நிமிடம், 40க்கு 7 நிமிடம். லீமாவின் மிதமான வானிலை எல்லா ஊருக்கும் வாய்க்காது. காற்று நின்றுபோகும் நாளும் உண்டு. ஆனாலும் 23ஐ 7 ஆக்கினால் அக்காவுக்கும் கடைசி டோக்கன்காரருக்கும் இடையே இருந்த சண்டை பெருமளவு காணாமல் போகிறது. யாருக்கு அநீதி செய்வது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கேள்வியே, யாரோ எப்போதோ சாத்திய சன்னலால் வந்தது.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நானும் மொட்டை மாடியில் நின்று தட்டைத் தட்டினேன். மருத்துவப் பணியாளர்களின் துணிச்சலுக்கு நன்றி சொன்னோம். அதில் பொய் இல்லை. ஆனால் காற்று வராத அறையைக் கட்டிவிட்டு, அதற்குள் போகிறவரைத் துணிச்சல்காரர் என்று புகழ்வதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சன்னல் வைக்கச் செலவாகும், தட்டு வீட்டிலேயே இருக்கிறது.

மென்பொருளைத் திருத்தினேன். அறை காலியானதும் காத்திருப்பு நேரம் ஓடும். அது முடிந்து அக்கா துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த எண் வரும். சன்னல்களைத் திறந்து, மேலே காற்று வெளியேற்றும் விசிறி போடச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் 23 என்று போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் 3 என்று இருந்தது. விசிறி வரவில்லை, சன்னல் திறக்கவில்லை. கூட்டம் தாங்கலை சார் என்றார் நிர்வாகி. அவர்மீது கோபப்பட எனக்கு வழியில்லை. எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியைச் செட்டிங்ஸில் வைத்ததே நான்தான். வாடிக்கையாளர் பிறகு கேட்பார் என்ற தொழில் பழக்கம்.

எங்கள் தாத்தா வீட்டில் கூரையை ஒட்டிச் சுவரில் சிறிய திறப்புகள் இருக்கும். வென்டிலேட்டர் என்போம். அவற்றுக்குக் கதவு கிடையாது. மழைக்காலத்தில் குளிர்கிறது என்று யார் நினைத்தாலும் சாத்த முடியாது. அன்று அந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது அக்கா ஒரு அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்து பிடித்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே திரையில் அடுத்த எண் வந்துவிட்டிருந்தது.