பேரேட்டில் ஏறாத வரவு

வியாபாரிகளாகிய நாம் எதையும் வரவு செலவு பார்த்தே மதிப்பிடப் பழகியவர்கள். அதில் தவறில்லை. ஆனால் பேரேட்டில் ஏறாத பொருளுக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்து செல்லும் ஒரு செடியை வைத்து இதைச் சிந்திப்போம்.

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களின் ஓரங்களிலும், 1985-இல் ஈய விலை வீழ்ந்தபின் கைவிடப்பட்ட லம்பங்களின் மணல் மேடுகளிலும், ஊதாப் பூவுடன் நிற்பது செண்டுடுக் செடி. இதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். ரப்பரும் செம்பனையும் கப்பலேறி வந்தவை. இதுவோ இம்மண்ணுக்கே உரியது. சத்தற்ற புளித்த மண்ணிலும், மழை தவறிய நாட்களிலும் தாங்கி நிற்கும். ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுக்காண்டு பூக்கும்.

இப்பூவில் தேன் கிடையாது. மகரந்தத் தூளே கூலி. கேசரங்கள் இருவகை. மஞ்சள் கேசரம் வண்டுக்கு உணவு. வளைந்த ஊதாக் கேசரமோ வண்டின் உடலில் தூளைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்புகிறது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். இருவருக்கும் நட்டமில்லாத நாணயமான கொடுக்கல் வாங்கல் இது!

இத்தகைய ஊழியத்தின் விலை என்னவென்று செம்பனைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். முன்பு கூலியாட்களை வைத்துப் பூக்களில் தூள் தூவினார்கள். 1981-இல் காமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொணர்ந்து விட்டபின் அந்தக் கூலி மிச்சமாயிற்று. மனிதன் செய்தபோது செலவுக் கணக்கில் இருந்த வேலை, வண்டு செய்யத் தொடங்கியதும் கணக்கிலிருந்து மறைந்தது. வேலை மட்டும் மறையவில்லை.

“இளங்கன்றுக்கு இடும் உரத்தில் இச்செடி பங்கு கேட்குமே?” என்று தோட்டம் வைத்திருப்போர் வினவலாம். நியாயந்தான். கன்றின் அடியில் முளைத்தால் வெட்டத்தான் வேண்டும். ஹவாய்த் தீவுகளில் புகுந்த இதே செடி அங்குள்ள காடுகளுக்குப் பகையாயிற்று. ஆகவே, களை என்பது செடியின் பிறவிக் குணமன்று; அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அப்படியானால், எவருக்கும் இடையூறில்லாத வேலியோரத்திலும் மருந்தடித்து இதைக் கருக்குவது எந்தக் கணக்கில் சேரும்?

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நட்டவருக்கு இலாபம் உண்டா என்ற கேள்வி அங்கே எழவில்லை. நிலம் நம் கையில் அமானிதம். அமானிதப் பொருளில் நமக்குப் பயன்படும் பங்கை மட்டும் காத்து, மற்றதை அழிப்பவன் நாணயஸ்தன் ஆகமாட்டான்.

சகோதரர்களே! கடையின் பின்புறத்தில் வெயில் படும் ஒரு முழ இடமாவது நம்மில் பலருக்கு இருக்கும். ஒரு கிளையை நட்டு, வேர் பிடிக்கும்வரை நீர் வாருங்கள். பிறகு வண்டுகள் வரும், பறவைகள் பழம் தின்னும். அவை நமக்குச் சீட்டு எழுதித் தரப்போவதில்லை. தராவிட்டால் என்ன?